தேடலும் போரும்

உயர்தர வகுப்பில் தமிழ் பயிலும் மாணவர் இருவர் சென்ற தவணையின் இறுதி நாளன்று என் மேசையருகே வந்து நின்று ஒரு வழக்குரைத்தனர். கணினியில் ஆடப்பெறும் வீரக்கதை விளையாட்டுகள் இரண்டனுள் சிறந்தது எது என்பதே வழக்கு. “ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றான் ஒருவன். இலக்கணத்தில் ஐயம் கேட்பாரின்றி வாடியிருந்த எனக்கு அது ஒருவகையில் மகிழ்ச்சியே தந்தது. இருவருள் ஒருவன் கொழும்பில் தொழில் புரியும் தமையனின் கணினியில் ஆடித் தேர்ந்தவன். மற்றவன் பிறர் ஆடுவதைக் கைத்தொலைபேசியிற் பார்த்தே புலமை பெற்றவன். பின்னவனே மிகுதியாகப் பேசினான். இலக்கியத் திறனாய்வுலகிலும் நிலைமை அதுவேயன்றோ!

விளையாட்டுகளின் பெயரை முதலில் கூறிவிடுகிறேன். ஒன்று, அமெரிக்க நாட்டுப் பெதெஸ்டா நிறுவனத்தார் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்கைரிம்’. மற்றையது, போலந்து நாட்டார் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘விட்சர்’ வரிசையின் மூன்றாம் விளையாட்டு. அந்நாட்டு எழுத்தாளர் அந்திரேய் சப்கோவ்ஸ்கியின் கதைகளை அடியாகக் கொண்டது. இரண்டிலும் மலையும் காடும் ஊரும் பரந்து கிடக்கின்றன. ஆடுவோன் தான் வேண்டிய திசையில் நடக்கலாம். முன்னதில் வீரனுக்கு முகமும் குலமும் ஆடுவோன் கொடுப்பவையே. வாள் வீச வீச வாட்டிறன் வளரும். பூட்டுத் திறக்கத் திறக்கக் கள்வன் கைவளம் வளரும். பறவை நாகங்கள் நாட்டை எரிக்க வந்திருக்கின்றன என்பது பெருங்கதை. ஆயினும் அவற்றை அப்படியே விட்டுவிட்டு மூலிகை பறித்துக்கொண்டு திங்கட்கணக்கில் திரிந்தாலும் நாகங்கள் பொறுமையோடு காத்திருக்கும். பின்னதில் வீரன் கெரால்ட் என்னும் நரைமுடி வேட்டுவன். தான் மகளெனப் பேணி வளர்த்த சிரி என்பவளைத் தேடுகிறான். மனிதர்க்கு எஃகு வாள், பூதங்களுக்கு வெள்ளி வாள் என இரண்டு வாள்களை முதுகில் தாங்குகிறான். எதிர்ப்படுவது எவ்வகைப் பூதம், அதற்கு எது ஒவ்வாது என்று படித்தறிந்த பின்னரே போருக்குச் செல்வது அவன் வழக்கம். அவ்விளையாட்டில் வெறுங் கொலையால் வரும் வளர்ச்சி சிறிது. எடுத்த பணியை முடித்தலால் வரும் வளர்ச்சியே பெரிது.

“எங்கேயும் போய் எவரோடும் பொருதலாம், அதுவே வீரம்” என்றான் முதல்வன். “எதற்காகப் பொருகிறோம் என்று தெரியாத சண்டை என்ன சண்டை?” என்றான் இரண்டாமவன்.

யான் இவ்விளையாட்டுகளை ஆடியவன் அல்லேன். ஒருநாள் மாலை அருகிருந்து பார்த்தேன். பார்த்தவற்றுள் ஒன்று நெஞ்சில் நின்றது. மரமொன்றின் அடியில் சிறைப்பட்ட ஓர் ஆவி, தன்னை விடுவித்தால் அனாதைக் குழந்தைகள் சிலரைக் காப்பதாகச் சொல்கிறது. விடுவித்தால் குழந்தைகள் பிழைப்பர். ஆனால் ஓர் ஊர் அழியும். விடுவியாது கொன்றால் ஊர் பிழைக்கும்; குழந்தைகள் சூனியக் கிழவியர்க்கு இரையாவர். கைவேகத்துக்குப் பெயர்போன அம்மாணவன் கையை எடுத்துவிட்டு நெடுநேரம் திரையைப் பார்த்தபடி இருந்தான். சண்டை தொடங்கு முன்னரே அவன் சண்டைக்குள் இருந்தான்.

நிற்க. இவ்வழக்கு நம் தோட்டங்களுக்குப் புதிதன்று. நுவரெலியாவிலும் அற்றனிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் லயத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் பெருங்கூத்துகள் மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். காமன் கூத்தை ஈண்டு விலக்கி வைக்கிறேன். அதிற் போர் ஒரு கண்திறப்பில் முடிந்துபோகிறது. ஏனைய இரண்டும் தேடலாலும் போராலும் ஆனவை. அரங்கென்று தனியே ஒன்றில்லை. கோயில் முன்றிலோ பிரட்டுக்களமோ இரவு முழுதும் நாடாகவும் காடாகவும் கைலையாகவும் மாறும். கொட்டும் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருக்கும் தாத்தாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து திடுமென ஒரு வேடன் வில்லோடு தோன்றுவான். திறந்த உலகம் என்று மாணவர் சொன்னபோது எனக்கு நினைவு வந்தது அதுதான்.

இவ்விரண்டனுள் எது உயர்ந்தது? நெடுங்காலம் யான் கொண்டிருந்த விடையை மறையாது சொல்லிவிடுகிறேன். யான் பயின்ற பண்டிதப் பாடத்திட்டத்தில் பாரதம் இருந்தது. பொன்னர் சங்கர் இல்லை. வில்லிபுத்தூரார் அருச்சுனன் தவநிலைக்கென ஒரு சருக்கமே வகுத்தார். வடமொழியிற் பாரவி அதனைப் பெருங்காவியமாக்கினார். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தபசு என்றே பலரும் வழங்குவர், பகீரதன் தவமென்பாரும் உளர். இத்துணைப் பெருமையுடையதன்முன் கொங்கு நாட்டு உடுக்கைப் பாட்டு என் செய்யும் என்று எண்ணியிருந்தேன். ஏட்டில் ஏறியதே இலக்கியம் என்னும் மயக்கம் அது. அம்மயக்கம் எனக்குத் தெளிந்தது நூலகத்தில் அன்று. கூத்துக் களத்தில், விடியற்காலையில்.

முதலில் தேடலைப் பார்ப்போம். அருச்சுனன் தபசில் தேடல் ஒருவனுடையது. சூதில் நாடிழந்து காடேகிய ஐவருள் ஒருவன், வரப்போகும் போருக்குப் பாசுபதம் வேண்டி, உடன்பிறந்தாரையும் திரௌபதியையும் பிரிந்து வடமலை செல்கிறான். களத்தின் நடுவே தபசு மரம் நாட்டப்பெறும். கூத்தன் அதன்மீது படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாக ஏறுவான். இதிற் போர் ஏதும் இல்லை. ஆயினும் அந்த ஏற்றத்தினும் வீரமான காட்சியை யான் கண்டதில்லை. தொல்காப்பியர் தவத்தை எங்கே வைத்தார் என்று ஆசிரியர் பலரும் மறந்துவிடுகின்றனர். தாபதர் பக்கத்தை அவர் வைத்தது வெற்றியைக் கூறும் வாகைத் திணையில்! அவ்வாகைக்கு அகத்தில் இணையானது பாலை, அஃதாவது பிரிவு. பிரிந்து நடத்தலே வெல்லுதலின் முதற்படி என்று அவர் கருதினார்போலும். கூத்து வாத்தியார் தொல்காப்பியம் படித்தவர் அல்லர். ஆயினும் பிரிவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் ஒரே மெட்டில் அமைத்திருந்தார்.

பொன்னர் சங்கரில் தேடல் ஒருவனோடு நிற்பதில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டே செல்கிறது. தாய் தாமரை பிள்ளைவரம் தேடிக் கைலைவாயிலிற் கம்பத்தின்மேலிருந்து தவஞ் செய்கிறாள். ஆம், இக்கதையிலும் ஒரு தபசுக் கம்பம் உண்டு. அதில் ஏறியவள் ஒரு பெண். அவ்வரத்தாற் பிறந்தவர் பொன்னரும் சங்கரும் தங்கை அருக்காணியும். அத்தங்கை ஒருநாள் வேட்டுவர் காட்டுக் கிளிகளைக் கேட்கிறாள். தமையன்மார் கிளியைப் பிடித்து வருகின்றனர். இணையை இழந்த பெண்கிளி காட்டில் அரற்ற, அவ்வரற்றல் வேட்டுவர் தலைவனின் தங்கை செவிக்கு எட்டுகிறது. அங்கிருந்து பகை மூள்கிறது, கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வேளாண் நிலத்தை உழக்க வருகிறது, வேட்டை நிகழ்கிறது, போர் நிகழ்கிறது, தமையன்மார் மடிகின்றனர். முடிவில் தங்கை, பிணக்காட்டில் அவர்தம் உடலைத் தேடிச் செல்கிறாள். கிளியைத் தேடிய ஆசை பிணத்தைத் தேடும் துயரமாகும்வரை கதை தன் நூலை ஓரிடத்தும் அறுக்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து நோக்குக. அருச்சுனன் தேடியது படைக்கலம். தேடலின் பயன் போர். அருக்காணி கேட்டது கிளி. போர் எவரும் தேடாது வந்தது. உலகில் நிகழும் போர்களிற் பெரும்பான்மை எவ்வகையின என்று மாணவரைக் கேட்டால், வரலாறு படித்தவன் உடனே விடை சொல்லிவிடுவான்.

இனிப் போர். இரண்டு கூத்திலும் ஒரு பன்றி உண்டு என்பதை யான் பல்லாண்டு பார்த்தும் கவனித்திலேன். அதனைச் சுட்டியவன் விளையாட்டு வழக்கில் இரண்டாமவனாக வந்த மாணவன். அருச்சுனன் தபசின் பன்றி மூகாசுரன். அருச்சுனனும் வேடனாய் வந்த சிவனும் ஒருசேர அம்பெய்ய, எய்தது யார் என்பதிற் சண்டை பிறக்கிறது. பன்றி ஒரு வாயில் மட்டுமே. அது விழுந்த மறுகணம் எவரும் அதனை எண்ணுவதில்லை. பொன்னர் சங்கரின் கொம்பனோ அப்படியன்று. அது வயலை உழக்கும், கரையை உடைக்கும், நாய்ப்படையை வீழ்த்தும். கொங்கு நாட்டுப் பாடலில் அதனை மடக்குவது பெருநாய்களல்ல. வேட்டைக்கு அழையாது வீட்டில் விடப்பட்ட பொன்னாச்சி என்னும் சிறு பெட்டைநாய். இக்காட்சி வருங்காற் களத்திலிருக்கும் பிள்ளைகள் எழுப்பும் ஆரவாரத்தைக் கேட்க வேண்டும்! தோட்டத்து மக்களுக்குக் காட்டுப்பன்றி உருவகமன்று. லயத்துக்குப் பின்னால் அவர்கள் போடும் மரவள்ளியையும் உருளைக்கிழங்கையும் இன்றும் இரவில் வந்து கிளறிச் செல்லும் விலங்கு அது. சிறு நாயின் வெற்றி அவர்களுக்குச் சொந்த வெற்றி.

அருச்சுனன் போரின் அழகு வேறிடத்தில் உள்ளது. அவன் தோற்கிறான். அம்பறாத்தூணி வெறுமையாகிறது, வில் பயன்படவில்லை, மற்போரிலும் வீழ்கிறான். பின்பு மண்ணாற் சிவனை அமைத்து மாலை சூட்ட, அம்மாலை எதிரே நிற்கும் வேடன் முடியிற் காணப்படுகிறது. பகைவன் யார் என்று அறிந்த நொடியிற் போர் முடிந்துவிடுகிறது. தோற்றவன் பரிசு பெறுகிறான். வெற்றி தோல்வி என்னும் இரண்டே கதவுடைய எந்த விளையாட்டிலும் இந்த மூன்றாங் கதவு இல்லை. தோற்றவன் பழைய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம் என்பதே அங்குள்ள ஏற்பாடு. அதனால் தோல்வி அங்கே ஒரு தடங்கலேயன்றி அறிவாவதில்லை. விட்சரை ஆக்கியோர் இக்குறையை ஓரளவு உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. மரத்தடி ஆவியின் கதையில், போரில் வென்றாலும் ஏதோ ஒன்றை இழந்தே தீரவேண்டும்.

வேடனைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஒரு கூத்தில் வேடன் இறைவன்; மற்றதில் வேடன் பகைவன். அருச்சுனன் தபசு, காட்டானென்று இகழப்பட்டவன் முன்னே இளவரசனைக் கைகூப்ப வைக்கிறது. பொன்னர் சங்கரோ உழுவோர் பக்கம் நின்று காட்டோரைப் பார்க்கிறது. கிளியை இழந்த காடு யாருடைய காடு, அதனைத் திருத்தி வயலாக்கியது யார் என்னும் கேள்வியைக் கதை மெல்லத் தொட்டுவிட்டு நகர்கிறது. நம் மக்கள் எந்தப் பக்கம் நிற்கின்றனர் என்று யான் எண்ணிப் பார்ப்பதுண்டு. காடழித்து மலையைத் திருத்தியவர்கள் அவர்கள். ஆயினும் திருத்திய நிலம் அவர்களுடையதன்று. உழவர்க்குரிய உழைப்பும் வேட்டுவர்க்குரிய இழப்பும் ஒருங்கே அவர்தம் பங்காயின. ஆதலின் கொம்பன் வீழுங்கால் ஆர்ப்பரிப்பவரே, பெண்கிளி அரற்றுங்கால் கண் துடைக்கவும் காண்கிறேன்.

அவர்தம் தேடலும் பெரிது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி அழைத்து வரப்பட்டோர் என்பது வழிவழிச் செய்தி. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, வழியிற் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டோர் எத்துணையோ பேர். 2023ஆம் ஆண்டு, இருநூறாண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. அதுபற்றிய செய்தியைப் படித்தபோதுதான் தபசு மரத்தில் ஏறும் கூத்தனை ஏன் இம்மக்கள் இமையாது பார்க்கின்றனர் என்பது எனக்கு விளங்கியது.

என் கருத்தை இனித் தெளிவாகவே கூறலாம். தேடலின் அமைப்பில் அருச்சுனன் தபசு சிறந்தது. அதிற் தேடுவோன் மாறுகிறான். போரின் உண்மையிற் பொன்னர் சங்கர் சிறந்தது. அது போருக்குப் பின்னும் களத்தை விட்டு அகலுவதில்லை. முன்னது வாகை; பின்னது காஞ்சி. நிலையாமையையும், வீழ்ந்த வீரரைச் சூழ்ந்து மகளிர் அரற்றுதலையும் காஞ்சியில் வைத்தவர் தொல்காப்பியரே. படுகளத்தில் தங்காள் தமையன்மாரைச் சிறுபொழுது எழுப்புகிறாள், அவர் சில சொற் பேசுகின்றனர், மீண்டும் மாய்கின்றனர். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் இப்படுகளம் இன்றும் மாசித் திருவிழாவில் நிகழ்கிறது. மலையகத்தில் அக்காட்சி வரும்போது பொழுது புலரும். கொழுந்தெடுக்கச் செல்லவேண்டிய பெண்கள் கூடையை அருகில் வைத்துக்கொண்டு, ஒப்பாரி முடியும்வரை எழாது இருந்ததை யான் கண்டேன். அன்றுதான் என் பாடத்திட்டத்தின் மீது எனக்கு ஐயம் வந்தது.

ஏட்டில் ஏறாதது என்று யான் இகழ்ந்த கதை இன்று ஏறாத ஏடில்லை. கனடாவின் மானிடவியலார் பிரெண்டா பெக் 1982ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். பின்னர் 26 பகுதிகளாக அசைவோவியத் தொடரும் ஆக்குவித்தார். கலைஞர் கருணாநிதி புதினமாக எழுதினார். ‘ஸ்கைரிம்’ வெளிவந்த அதே 2011ஆம் ஆண்டில் அப்புதினம் திரைப்படமாயிற்று. நாளை எவனேனும் ஒரு தமிழிளைஞன் இதனைக் கணினி விளையாட்டாக்கவும் கூடும். ஆக்கட்டும், யான் தடை சொல்லேன்.

என் அச்சமெல்லாம் வேறு. அண்மையில் ஒரு கலைவிழாவுக்குச் சென்றிருந்தேன். எவ்விடம் என்பது வேண்டா. பொன்னர் சங்கருக்கு ஒதுக்கிய நேரம் 15 நிமிடம். தாமரையின் தவம் இல்லை, கிளி இல்லை, படுகளம் இல்லை. இரண்டு இளைஞர் பலகை வாளோடு வந்தனர், ஒலிபெருக்கியில் திரையிசை முழங்கிற்று, பன்றிமுகம் அணிந்த ஒருவர் மும்முறை உருண்டு விழுந்தார், கைதட்டல், திரை. அதே மேடையில் அருச்சுனன் தபசுக்கு மரமே இல்லை. நாற்காலி ஒன்றின்மேல் ஏறி நின்று அருச்சுனன் பாசுபதம் பெற்றான். இக்காலத்துப் பிள்ளைகள் நீண்ட கூத்தைப் பொறார் என்றார் விழா நடத்திய அன்பர். யான் அவரிடம் என் மாணவனைப் பற்றிச் சொன்னேன். ஒரே கதையின் தேடலில் நூறு மணிநேரம் செலவிட்டுவிட்டு, இன்னும் கிளைக்கதை எஞ்சியிருக்கிறது என்று மகிழ்பவன் அவன். பொறுமையற்றவர் பிள்ளைகள் அல்லர். தேடலை வெட்டியெறிந்து சண்டையை மட்டும் ஊட்டும் நாமே அவரை ஐயுறுகிறோம்.

கூத்து வாத்தியார்கள் அருகி வருகின்றனர். பாட்டுகள் பெரும்பாலும் அவர்தம் நினைவிலும், நைந்த பயிற்சிப் புத்தகங்களிலும் உள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983ஆம் ஆண்டில் நூலாக்கியதுபோலக் கூத்துப் பாடங்களையும் தோட்டந்தோறும் சென்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே கூத்து தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுவதால் ஒரு படி போதாது. தமிழாசிரியர் உயர்தர வகுப்பு மாணவரிடம் இப்பணியை ஒப்படைக்கலாம். புறத்திணையை விளக்கப் பழம்பாட்டு மட்டுமே வேண்டுமென்பதில்லை. பாட்டனின் வாயிலேயே வாகையும் காஞ்சியும் இருக்கின்றன.

வழக்குக் கொண்டுவந்த மாணவர் இருவரையும் இப்பணியில் முதலில் ஏவினேன். வரும் மாசியில் அவர்தம் தோட்டத்தில் ஒரு கூத்தேனும் முழு இரவு நிகழவேண்டும் என்று கோயிற் குழுவினரிடம் சொல்லியிருக்கிறோம். எந்தக் கூத்து என்பது இன்னும் முடிவாகவில்லை. அருச்சுனன் தபசாயின் மரம் வேண்டும். சவுக்கு மரம் ஒன்று தருமாறு தோட்ட நிருவாகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வரவில்லை. கணினியில் ஆடியவன் மரமேற அஞ்சுவதாகச் சொல்லிச் சங்கர் வேடத்தைக் கேட்கிறான். மற்றவனோ பன்றி வேடம் வேண்டும் என்கிறான். எந்தப் பன்றி என்று கேட்டேன்; யோசித்துச் சொல்கிறேன், ஐயா, என்று போயிருக்கிறான்.